மொபைல் சிற்பத்துக்குச் சம எடை தேவையில்லை

கம்பிகளில் தகடுகளைத் தொங்கவிட்டுக் காற்றில் அசையவிடும் சிற்பங்களான மொபைல்கள் 1950களின் அலங்காரக் கடைகளில் பிறந்தவை, தகடுகள் அனைத்தும் ஒரே எடையில் இருந்தால்தான் சமநிலை கிடைக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். இரண்டுமே தவறு. அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் 1932இலேயே பாரிஸில் தம் மொபைல்களைக் காட்சிக்கு வைத்தார். கோட் ஹேங்கர்களைக் கோத்து அமெரிக்கக் கலைஞர் மான் ரே செய்த தொங்கு சிற்பம் 1920ஆம் ஆண்டினது. ஐம்பதுகளின் வரவேற்பறைகள் இந்தக் கலைஞர்களுக்குக் கடன்பட்டவை.

எடை பற்றிய தவறுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. அதை நம்பினால் மொபைலின் அழகே போய்விடும். ஒரு முனையில் 30 கிராம், மறுமுனையில் 10 கிராம் தகடு தொங்கலாம். கம்பியின் எடையை விட்டுவிட்டால், கம்பி தொங்கும் புள்ளியிலிருந்து சிறிய தகடு பெரியதைவிட மூன்று மடங்கு தள்ளி இருந்தால் போதும். இயந்திரப் பொறியியல் படித்த கால்டரின் பெரிய தகடுகளும் சிறிய தகடுகளும் ஒரே கம்பியில் நிற்பது இப்படித்தான். வீட்டில் செய்பவர்கள் அடிக்கம்பியை முதலில் சமன்செய்துவிட்டு மேலே போங்கள்.