நாற்பது நிமிடக் குகையில் பதினேழு நிமிடம் ஒரே ஆளுக்கு

தலைக்கவசத்தைக் கழற்றக் கூடாது. இந்த ஒரு வாக்கியத்தை, ஐஸ்லாந்தில் ஒரு பனிக்குகைக்கு எங்களை அழைத்துப்போன வழிகாட்டிப் பெண் வண்டிகள் நிற்குமிடத்தில் ஒரு முறை, வண்டிக்குள் ஒரு முறை, பனியில் கால் வைக்கும் முன் ஒரு முறை, குகை வாயிலில் ஒரு முறை என நான்கு முறை சொன்னார். நான்கு முறையும் எல்லோரையும் விட வேகமாகத் தலையாட்டிய மனிதர், உள்ளே நுழைந்த மூன்றாவது நிமிடத்தில் தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்தார், கையுறைகளை உருவினார், விரல்களால் தலைமுடியைக் கோதிச் சரிசெய்துகொண்டார். நேற்று நடந்தது இது. இரவு விடுதிக்குத் திரும்பிப் படுத்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. இப்படிப்பட்ட ஒருவருக்குப் பின்னால் நீங்களும் எங்கேயாவது நின்றிருப்பீர்கள் என்பதால், விளக்கம் எதுவும் தேவைப்படாது என்று நம்பி எழுதுகிறேன்.

ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கிலிருந்து, எங்கள் குகைப் பயணம் தொடங்கும் யோகுல்சார்லோன் ஏரிக்கு ஏறத்தாழ 370 கிலோமீட்டர். கோடையில் ஒரே மூச்சில் ஓட்டிவிடலாம். ஜனவரியில் காற்று வண்டிக் கதவைப் பிடுங்கிக்கொண்டு போகும், சாலை கண்ணாடி போல உறைந்து கிடக்கும், காலை பத்து மணிக்கும் வானம் முழுதாக வெளுக்காது. இரண்டு நாள் பிரித்துப் பிரித்து ஓட்டி வந்தோம். எங்களுடையது பன்னிரண்டு பேர் மட்டும் கொண்ட சிறு குழு என்று எழுதியிருந்ததை நம்பி, ஆளுக்கு 24,000 குரோனா கட்டியிருந்தோம். குழுவில் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள், அதில் பொய்யில்லை. ஆனால் அதே குகைக்கு வேறு வேறு நிறுவனங்களின் குழுக்கள் மூன்று எங்களுக்கு முன்பே வந்து வாயிலில் நின்றுகொண்டிருந்தன. இதை யாரும் எந்த இடத்திலும் எழுதவில்லை. கிராம்பான் முட்களைக் காலணிக்கு அடியில் கட்டிக்கொண்டு, அந்த எதிர்காற்றில் இருபத்தைந்து நிமிடம் வரிசையில் நின்ற பிறகுதான் எங்களை உள்ளே விட்டார்கள்.

உள்ளே எங்களுக்குக் கிடைத்தது நாற்பது நிமிடம். குகை நுழைவில் அகலமாகத் தொடங்கி, போகப் போகக் குறுகி, கடைசியில் இரண்டு பேர் மட்டும் நிற்கக்கூடிய ஒரு குழிவில் முடிகிறது. சுவர் மிக ஆழமான நீலமாகத் தெரிவது அந்தக் குழிவில்தான். அங்கேதான் தலைக்கவசத்தைக் கழற்றிய அந்த மனிதர் போய் நின்றார். உடன் வந்தவர் கேமராவை எடுத்தார். முதல் படத்தில் கண் மூடிவிட்டதாம். இரண்டாவதில் வழிகாட்டியின் விளக்கொளி விழுந்துவிட்டதாம். மூன்றாவதுக்கு முன் கனத்த மேலுடுப்பைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த மஞ்சள் நிறக் கம்பளிச் சட்டை தெரிய வேண்டும் என்றார். கழற்றிய உடுப்பை வைக்க இடம் தேடி, எங்கள் குழுவில் இருந்த ஒரு முதியவரின் கையில் கேட்காமலே கொடுத்தார். அந்தப் பெரியவர் கைத்தடியை ஒரு கையிலும் அந்த உடுப்பை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வழுக்கும் பனியில் நின்றதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பிறகு சுவரில் கை வைத்தபடி ஒன்று. முதுகைக் காட்டியபடி ஒன்று. அண்ணாந்து பார்த்தபடி ஒன்று. மூச்சுக்காற்று ஆவியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஆறு முறை மூச்சு விட்டு ஆறு படங்கள். அதன் பிறகு ஒவ்வொரு படத்தையும் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, “இன்னும் ஒன்று” என்றார். இந்த “இன்னும் ஒன்று” என்பதை நான் பதினோரு முறை எண்ணினேன். நுழைந்ததிலிருந்து விலகியது வரை கடிகாரத்தில் பதினேழு நிமிடம்.

இத்தனை நேரமும் அந்த வழிகாட்டிப் பெண் பேசிக்கொண்டுதான் இருந்தார். அதை நினைத்தால்தான் ஆத்திரத்தைவிட வருத்தம் கூடுகிறது. கோடையில் பனியாற்றின் மேற்பரப்பில் உருகும் நீர் வெடிப்புகள் வழியாக உள்ளே இறங்கி, அடியில் ஓடையாக ஓடி, இந்தப் பாதையைக் குடைந்திருக்கிறது என்றார். குளிர் வந்ததும் நீர் வற்றிவிட, ஓடை போன வழி வெற்றிடமாக நிற்கிறது, அதைத்தான் நாம் குகை என்கிறோம் என்றார். நவம்பர் முதல் மார்ச் வரைதான் இதற்குள் வரலாம், அதிலும் நடுவில் வெயிலும் மழையும் வந்தால் உள்ளே வெள்ளம் புகுந்துவிடும், அடுத்த கோடையில் இந்தக் கூரையே இருக்காது என்றார். நூற்றாண்டுகளாக மேலே விழுந்த பனியின் எடை உள்ளிருந்த காற்றுக் குமிழிகளை நெருக்கி வெளியேற்றியதால் பனி இறுகிவிட்டது, இறுகிய பனி சிவப்பொளியை விழுங்கிக்கொண்டு நீலத்தை மட்டும் நம்மிடம் அனுப்புகிறது என்றார். பக்கத்தில் நின்ற நான் இதில் பாதியைத்தான் கேட்டேன், மீதியை “இன்னும் ஒன்று” விழுங்கிவிட்டது. பனியாற்றில் வேலை செய்து, அதன் ஒவ்வொரு விரிசலையும் காலையில் பார்த்துச் சோதித்துவிட்டு வந்து பேசும் ஒருவரின் சொல்லுக்கு, பதினேழு நிமிடத்தில் ஒரு நிமிடம்கூடக் காது கொடுக்க முடியாத அளவுக்கு அந்த முகத்தில் என்ன இருந்தது?

புறப்படும் நேரத்தில் வழிகாட்டி ஆட்களை எண்ணினார். பத்து. மறுபடியும் எண்ணினார். பத்துதான். விளக்கொளியில் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், பதில் வரவில்லை. நான்கு குழுக்கள் முண்டிக்கொண்டிருக்கும் அந்தக் குறுகலில் திரும்ப உள்ளே ஓடினார். குழிவுக்குப் பக்கத்தில் ஒரு மடிப்புக்குப் பின்னால் அந்த மனிதரும் உடன் வந்தவரும் உட்கார்ந்து, எடுத்த படங்களில் எது நன்றாக வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டது கேட்டதாம், இதோ வருகிறோம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டார்களாம்.

அந்தப் பெண் ஏன் அப்படிப் பதறினார் என்று தெரியாதவர் இந்தப் பனியாற்றில் கால் வைக்கவே கூடாது. இதே பிரெய்தாமெர்குர்யோகுல் பனியாற்றில்தான் 2024 ஆகஸ்ட் 25 அன்று, வழிகாட்டியுடன் சென்ற ஒரு சுற்றுலாக் குழுவின் மீது பனிச்சுவர் இடிந்து விழுந்தது. அமெரிக்கர் ஒருவர் இறந்தார், இன்னொருவர் காயமடைந்தார். குழுவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கணக்கு தவறாகப் போனதால், இன்னும் இருவர் அடியில் சிக்கியிருக்கிறார்கள் என்று நம்பி, மீட்புப் பணியாளர்கள் மறுநாள் வரை பனியை வெட்டித் தேடினார்கள். கடைசியில் அந்த இருவர் இருக்கவே இல்லை என்று தெரிந்தது. கணக்கில் இரண்டு தலை கூடினால் அங்கே என்ன நடக்கும் என்பதை இந்த நாடே பார்த்திருக்கிறது. இரண்டு தலை குறைந்தால் ஒரு வழிகாட்டிக்கு எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சமாவது நினைத்துப் பார்க்க வேண்டாமா? அது கோடை, இது குளிர்காலம், இப்போது பனி உறுதியாக இருக்கிறது என்று வாதம் செய்யலாம். உறுதியாக இருப்பதால்தான் உள்ளேயே விடுகிறார்கள். அப்படியும் தலைக்கவசம் போடச் சொல்வது அழகுக்காக அல்லவே.

விற்பவர்கள் மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் பணம் கட்டிய நிறுவனம் காட்டியிருந்த படத்தில் குகை வெறுமையாக இருந்தது, நீலக் குழிவில் ஒரே ஒருவர், தலையில் கவசம் இல்லாமல், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நானும் பணம் கட்டினேன், அந்த மனிதரும் கட்டியிருப்பார். காலை முழுவதும் அவர் செய்ய முயன்றது அந்தப் படத்தை அப்படியே திரும்ப எடுப்பதைத்தான். வரிசையையும், நான்கு குழுக்களையும், ஐம்பது பேரின் மூச்சையும் மறைத்துவிட்டு ஆளில்லாத குகையைக் காட்டி விற்றால், வருகிறவர் மற்றவர்களை அப்புறப்படுத்தத்தான் பார்ப்பார். நாங்கள் அவருடைய படத்தில் விழாமல் ஒதுங்கி நின்று, அந்த வேலையை அவருக்காகச் செய்துகொடுத்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

எனக்கு அந்தக் குழிவில் கிடைத்தது நான்கு நிமிடம். முகத்தைச் சுவருக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். நீலத்துக்குள் ஒரு கறுப்புக் கோடு, பென்சிலால் இழுத்தது போல மெலிதாக, தோள் உயரத்தில் தொடங்கி வளைந்து வளைந்து கூரைக்கு ஏறியது. எரிமலைச் சாம்பல். என்றோ ஒரு நாள் வானத்திலிருந்து பனியின் மேல் விழுந்து, அதற்கு மேல் பனி விழுந்து மூடி, அந்தப் பனி நகர்ந்து நகர்ந்து இங்கே வந்து என் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரே ஒரு குமிழி, மிளகு அளவு, நசுங்கித் தட்டையாகி மாட்டிக்கொண்டிருந்தது. அது எந்த எரிமலையின் சாம்பல் என்று கேட்கத் திரும்பினேன். “நேரமாகிவிட்டது, அடுத்த குழு காத்திருக்கிறது” என்றார் வழிகாட்டி, மன்னிப்புக் கேட்கும் குரலில். அவர் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

வெளியே வந்து, உறைந்துபோன வாரை நகத்தால் நெம்பிக் கிராம்பானைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அந்த மனிதர் வழிகாட்டியிடம் வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று ஒரு நொடி நம்பினேன். கைப்பேசியை நீட்டி, “படத்தோடு போட வேண்டும், இந்த இடத்தின் பெயர் என்ன?” என்றார். “இதற்குப் பெயர் இல்லை. கோடை வந்தால் இந்த இடமே இருக்காது” என்றார் அவர், உள்ளே சொன்ன அதே வார்த்தைகளில். மனிதர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “சரி, அதை எப்படி எழுத வேண்டும்? எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள்” என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்த தாடை வலித்தது, அந்த வலியோடுதான் இருவரும் சிரித்தோம். உடுப்பைச் சுமந்துகொண்டு நின்ற பெரியவருக்கு விஷயம் புரிய இரண்டு நொடி ஆனது, பிறகு அவர் எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.