சூட்டைக் கூட்டினால் கசடெண்ணெய் முழுவதும் டீசலாகுமா?

‘விஸ்பிரேக்கர் உலையின் சூட்டைக் கூட்டினால் கசடெண்ணெய் முழுவதும் டீசலாகிவிடும்’ என்று பரவும் செய்தி தவறு. கச்சா எண்ணெயை வடித்தபின் மிஞ்சும் கெட்டியான கசடெண்ணெயின் பெரிய மூலக்கூறுகளைச் சூட்டால் ஓரளவு மட்டும் உடைத்து இளக்கும் சுத்திகரிப்பு ஆலை அலகுதான் விஸ்பிரேக்கர்.

குழாய்வகை உலையில் வெளிவாய் வெப்பநிலை சுமார் 470–500 டிகிரி செல்சியஸ். எண்ணெய் அங்கே தங்குவது ஓரிரு நிமிடம்தான். உலையை அடுத்து எண்ணெயைச் சூட்டோடு தங்கவைக்கும் சோக்கர் கலன் இருந்தால் 430–450 டிகிரியே போதும், நேரம்தான் கூடும். வெளியேறியதும் குளிர்ந்த எண்ணெய் கலந்து வினையை நிறுத்துவார்கள்.

எல்லை மீறினால்? லேசான மூலக்கூறுகள் ஹைட்ரஜனை அள்ளிப் போய்விடும். மிச்சத்தில் அஸ்பால்டீன் என்ற கனமான மூலக்கூறுகள் கரைந்து நிற்காமல் பிரியும். குழாய்ச் சுவரில் கோக்காக, அதாவது கெட்டிக் கரியாகப் படியும். சுவர் சூடேறும், அழுத்த இழப்பு கூடும், கடைசியில் உலையை நிறுத்திச் சுரண்ட வேண்டியதுதான். நீராவி செலுத்துவது எண்ணெயை வேகமாக ஓட்டிப் படிவைக் குறைக்கவே. அது ஹைட்ரஜன் தராது. கோக்கை ஏற்றுக்கொண்டு ஆழமாக உடைக்க வேண்டுமென்றால் அதற்கு டிலேய்டு கோக்கர் என்ற வேறொரு அலகு இருக்கிறது. அதிலும் ஒரு பங்கு கோக்காகத்தான் போகும்.