வேலைக்குப் போகிறவர்களின் சதுரங்கம்: தோற்ற ஆட்டத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள்

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதிலிருந்து, மும்பையில் வேலைக்குப் போய்க்கொண்டே சதுரங்கம் ஆடுகிற தமிழர்களை முன்பைவிட அதிகமாகச் சந்திக்கிறேன். செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட், டோம்பிவிலி என்று நம்மவர்கள் எங்கே கூடினாலும், நாற்பது வயதைக் கடந்த ஒருவராவது செல்போனில் பலகையில் காய்கள் நிற்கும் ஒரு நிலையைக் காட்டி, "தினமும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் ஒரு வருடமாக அதே இடத்தில் நிற்கிறேன், என்ன செய்வது?" என்று கேட்கிறார். ஆடும் ஆட்டங்களைப் பாதியாகக் குறைத்துவிட்டு, தோற்ற ஆட்டங்களைத் தாளில் எழுதி, எஞ்சினை (நகர்த்தல்களை அலசிச் சொல்லும் கணினி நிரலை) திறக்காமல், நாமே ஆராய்வதற்கு அந்த நேரத்தைக் கொடுக்க வேண்டும் என்பதே என் பதில். வயது வந்த பிறகு ஆட வந்தவர்களுக்கு இதைவிட உறுதியான வழி இருப்பதாக நான் நினைக்கவில்லை.

மும்பை ரயிலில் டோம்பிவிலியில் ஏறி, கடைசி நிலையமான சிஎஸ்எம்டியில் இறங்குவதற்குள் மூன்று நிமிட பிளிட்ஸ் ஆட்டங்கள் எட்டோ பத்தோ ஆடிவிடலாம். ஒன்று முடிந்த மறுகணமே அடுத்த ஆட்டம் தொடங்கிவிடும். முந்தைய ஆட்டம் எந்த நகர்த்தலில் கெட்டது என்று பார்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. மூன்று நிமிடத்தில் புதிதாக எதையும் சிந்திக்க முடியாது. ஏற்கெனவே கையில் இருக்கிற பழக்கம்தான் வெளியே வரும். பழக்கமே தவறாக இருக்கும்போது, நாளுக்குப் பத்து ஆட்டம் என்பது அந்தத் தவற்றுக்கு நாளுக்குப் பத்து முறை பயிற்சி கொடுப்பதாகும்.

வலுவான ஆட்டக்காரரிடம் இருப்பது என்ன என்பதை ஆய்வாளர்கள் ஓரளவு காட்டியிருக்கிறார்கள். சேஸ், சைமன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த ஒரு நிலையை ஐந்து விநாடி காட்டி, அதை நினைவிலிருந்து மீண்டும் அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர், புதியவரைவிடப் பல மடங்கு காய்களைச் சரியான கட்டத்தில் வைத்தார். காய்களைக் கண்டபடி இறைத்து வைத்த நிலையைக் காட்டியபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. மாஸ்டரின் மனதில் அர்த்தமுள்ள அமைப்புகள் ஆயிரக்கணக்கில் குடியிருக்கின்றன. நம் மனதில் அவை குறைவு. ஒரு அமைப்பு மனதில் தங்க வேண்டுமானால் அதனோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்ட வேண்டும், அது நம்மை ஒருமுறையாவது உறுத்தியிருக்க வேண்டும். நமது தோல்விகளை விட நம்மை உறுத்துகிற நிலைகள் வேறு எங்கே கிடைக்கும்?

ஓர் உதாரணம் சொல்கிறேன். செம்பூரில் வசிக்கும் என் நண்பர், வங்கி ஊழியர், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் பன்னிரண்டு வயதுச் சிறுவனுடன் ஆடினார். கடைசியில் இருவருக்கும் ஒவ்வொரு யானை. நண்பருக்கு மூன்று சிப்பாய்கள், சிறுவனுக்கு நான்கு, எல்லாம் பலகையின் ராஜா பக்கப் பாதியிலேயே. காய்கள் குறையக் குறைய டிரா எளிதாகும் என்ற எண்ணத்தில் நண்பர் யானைகளை மாற்றிக்கொண்டார், அதாவது இருவருடைய யானைகளும் வெட்டுப்பட்டுப் போயின. அடுத்த பதினைந்து நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. வெளியே வராந்தாவில் அந்தப் பையன், "அங்கிள், யானையை மாத்தாம இருந்திருந்தா டிராதான், எனக்கு ஒண்ணும் கிடைச்சிருக்காது" என்றானாம்.

அன்று மாலை நாங்கள் இருவரும் பலகையை விரித்து உட்கார்ந்தோம். ஸ்கோர் ஷீட்டில் அந்த நகர்த்தலுக்கு எதிரே, அப்போது மனதில் என்ன ஓடியது என்பதை நண்பர் பென்சிலால் எழுதினார்: "காய் குறைந்தால் பாதுகாப்பு." பிறகு யானைகளை மாற்றாமல் ஆடிப் பார்த்தோம். அவருடைய யானை பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் தொல்லை கொடுத்துக்கொண்டே இருந்ததால், அந்த நான்காவது சிப்பாயை வைத்துக்கொண்டு எதிராளியால் பெரிதாக எதையும் செய்ய முடியவில்லை. யானைகள் போய்விட்டால் அதே சிப்பாய் கடந்துபோகும் சிப்பாயாக, அதாவது எதிராளியின் சிப்பாய் எதுவும் தடுக்க முடியாத சிப்பாயாக மாறுகிறது. அதைத் தடுக்க ராஜா ஓடும்போது மற்ற சிப்பாய்கள் அனாதையாகிவிடுகின்றன. ஒரே பக்கத்தில் நான்குக்கு மூன்று என்ற நிலை, யானைகள் இருக்கும்வரை பெரும்பாலும் டிரா. யானைகள் போனால் பெரும்பாலும் தோல்வி. பாடநூலில் இது ஒரு வரி. ஆனால் அந்த வரியை நண்பர் இனி மறக்கப்போவதில்லை, ஏனென்றால் அது அவருடைய ஆட்டத்திலிருந்து வந்தது.

உலக சாம்பியன் பட்டமே இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முடிவினால்தான் கைமாறியது என்பதை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் பதினான்காவது ஆட்டம். வெள்ளைக் காய்களுடன் ஆடிய அப்போதைய சாம்பியன் டிங் லிரெனுக்கு ஒரு சிப்பாய் குறைவு, ஆனாலும் டிரா செய்யக்கூடிய நிலை. 55ஆவது நகர்த்தலில் அவர் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்து யானை மாற்றத்துக்கு வழிவிட்டார். யானைகள் மாறியதும் குகேஷ் தன் பிஷப்பை நடுவில் நிறுத்தி, மூலையில் மாட்டிக்கொண்டிருந்த டிங்கின் பிஷப்பையும் மாற்ற வைத்தார். மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே. யானையை எஃப்2க்குக் கொண்டுவந்த மூன்றே நகர்த்தல்களில் டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். மாற்றம் முடிந்த பின் எந்த இறுதி ஆட்டம் மிஞ்சும் என்ற கேள்வி, உலக சாம்பியனுக்கும் வங்கி ஊழியருக்கும் ஒரே கேள்விதான்.

இங்கே எஞ்சினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆட்டம் முடிந்ததும் செல்போனில் 'ஆய்வு' என்ற பொத்தானை அழுத்தினால், சிவப்புக் குறியும் சரியான நகர்த்தலும் இரண்டு விநாடியில் வந்துவிடும். "ஓ, இதுவா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். நாம் ஏன் அப்படி ஆடினோம் என்பதை எஞ்சினால் சொல்ல முடியாது. அதை அறிந்தவர் நாம் ஒருவர்தான், அதுவும் அன்றைக்கு மட்டும்தான். குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, 2500 ரேட்டிங்கை (ஆட்டவலிமையைக் காட்டும் புள்ளியெண்ணை) தொடும்வரை அவரை எஞ்சின் பக்கம் போகவிடாமல் சுயமாகச் சிந்திக்க வைத்தார் என்பது பலமுறை வெளிவந்த செய்தி. அதற்கும் வெகு காலம் முன்பே, சோவியத் உலக சாம்பியன் போட்வின்னிக் தன் ஆட்டங்களைத் தானே ஈவிரக்கமின்றி ஆராய்ந்து எழுதுவதை வளர்ச்சியின் அடிப்படையாக வலியுறுத்தினார். 1957இல் ஸ்மிஸ்லோவிடமும் 1960இல் தாலிடமும் பட்டத்தை இழந்து, இரண்டு முறையும் மறு ஆண்டே மறுபோட்டியில் அதை மீட்டவர் அவர். எஞ்சினை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் நம் கையெழுத்தில் நம் விளக்கம் இருக்கட்டும். மறுநாள் எஞ்சினைத் திறந்து, நம் விளக்கம் எங்கே தப்பியது என்று பார்ப்போம்.

புதிர்களைத் தீர்ப்பது நல்லது, ரயில் பயணத்துக்கு பிளிட்ஸைவிட மிகப் பொருத்தமானது. ஆனால் புதிரில் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது என்ற செய்தி முன்கூட்டியே நமக்குக் கிடைத்துவிடுகிறது. ஆட்டத்தில் யாரும் அப்படித் தோளைத் தட்டிச் சொல்வதில்லை. ஆகவே தாக்குதல் புதிர்களோடு, எதிராளியின் மிரட்டலைக் கண்டுபிடித்துத் தடுக்க வேண்டிய நிலைகளையும் கலந்து எடுத்துக்கொள்ளுங்கள். நம் தரத்தில் நடக்கும் பெரும்பாலான தோல்விகள், எதிராளியின் கடைசி நகர்த்தல் என்ன செய்ய நினைக்கிறது என்று கேட்காமல் போவதால் வருபவை.

ஓபனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு என்று எடுத்து, வருடக்கணக்கில் அவற்றையே ஆடினால் போதும். ஓபனிங்குக்குச் செலவிடும் பணத்தையும் நேரத்தையும் யானை இறுதி ஆட்டங்களுக்குக் கொடுங்கள். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு இசையமைப்பாளரும் சதுரங்க மேதையுமான ஃபிலிடோரின் பெயரால் வழங்கும் தற்காப்பு ஒன்று உண்டு. எதிராளிக்கு யானையும் ஒரு சிப்பாயும், நமக்கு யானை மட்டும். நம் ராஜா அந்தச் சிப்பாயின் பாதையில் நிற்கிறது. நம் யானை நம் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் நின்று எதிராளியின் ராஜாவை உள்ளே விடாமல் தடுக்கிறது. சிப்பாய் அந்த மூன்றாவது வரிசைக்கு முன்னேறிய உடனே, எதிராளியின் ராஜாவுக்கு ஒதுங்க இடமில்லாமல் போகிறது. அப்போது நம் யானை பலகையின் மறுகோடிக்குப் போய்ப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். கற்றுக்கொள்ள அரை மணி நேரம் ஆகும். பலன் வாழ்நாள் முழுவதற்கும்.

ரேட்டிங்கை முன்னேற்றத்தின் அளவுகோலாக வைத்து மனம் தளர்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் போட்டிகளில் எதிரே உட்காருபவர்களில் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, ஓர் ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு ஏறும், இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் கணக்கீட்டு எண், 2300க்குக் கீழே இருக்கும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 40. முப்பது ஆட்டங்களை முடித்த பெரியவருக்கு 20. சமமான ரேட்டிங் உள்ள சிறுவனிடம் தோற்றால் நமக்கு 10 புள்ளி போகும், அவனுக்கு 20 புள்ளி ஏறும். அந்த வேகத்தில் ஏறியும்கூட, அவனுடைய எண் அவன் வளர்ச்சிக்குப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொன்று: 2024 மார்ச் 1 அன்று ஃபிடே 2000க்குக் கீழே இருந்த ரேட்டிங்குகளை ஒரே நாளில் உயர்த்தியது, 1500 என்பது 1700 ஆனது. அதனால் யாருடைய ஆட்டமும் மாறிவிடவில்லை. ஆறு மாதம் முன்பு எழுதிய ஆய்வையும் இன்று எழுதியதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பழைய தவறு திரும்ப வருகிறதா, புதிய தவறு வருகிறதா என்பதே நம்பத்தக்க அளவுகோல்.

இதற்கெல்லாம் மூலப்பொருள் நீண்ட ஆட்டங்கள், அவைதான் இந்த நகரத்தில் நமக்கு அரிதாகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகள் பெரும்பாலும் ராபிட், அதாவது வேகமாக முடியும் ஆட்டங்கள். நீண்ட நேரம் ஆடும் கிளாசிக்கல் போட்டி என்றால் நான்கைந்து நாள் விடுப்பு எடுக்க வேண்டும், எந்த அலுவலகமும் அதை எளிதில் தராது. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் கிளப் அணிக்காக ஓய்வு நேரத்தில் ஒரே ஒரு நீண்ட ஆட்டம் ஆடிவிட்டு வீடு திரும்புகிறார்கள். லீக் மாதக்கணக்கில் நடக்கிறது. மாட்டுங்காவிலும் சயானிலும் செம்பூரிலும் நம் தமிழ் அமைப்புகளிடம் அரங்குகள் இருக்கின்றன. பொங்கலுக்குக் குழந்தைகளுக்குச் சதுரங்கப் போட்டி நடத்துகிறோம், அது நல்ல காரியம். அதே அரங்கில் சனிக்கிழமை மாலை, வாரம் ஓர் ஆட்டம், ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பெரியவர்களுக்கான லீக் ஒன்றைத் தொடங்க முடியாதா? எட்டுப் பேர் சேர்ந்தால் ஏழு வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். பலகைகளும் கிளாக்குகளும் ஆடுகிறவர்கள் வீட்டிலேயே இருக்கின்றன. அமைப்பு தர வேண்டியது மேசைகளும் மூன்று மணி நேர அமைதியும்தான். வருகிறவர்களுக்கு நான் வைக்க விரும்பும் நிபந்தனை ஒன்றே: ஆட்டம் முடிந்ததும் செல்போனை எடுக்காமல், தோற்றவரும் ஜெயித்தவரும் அதே பலகையில் அரை மணி நேரம் சேர்ந்து ஆராய்ந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கீழே எழுதுங்கள், எந்தப் பகுதியில் வசிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து.