சீதன வீட்டில் இடமில்லாதவர்களுக்காக அலையும் அக்கா

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டுப் பின்பக்க அறையில் ஆறு வருடமாக ஒரு திருநங்கை அக்கா வாடகைக்கு இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொன்னார். வீட்டார் ஏற்காத திருநங்கைகளுக்கும், தன் பாலினத்தவரையே விரும்புகிறவர்களுக்கும் உதவி செய்து அலைகிறவர். போன கிழமை வந்த உறவினர் ஒருவர் அம்மாவிடம், "இதெல்லாம் ஒரு வேலையா? வெளிநாட்டுக் காசுக்குப் பொடியன்களைக் கெடுக்கிறது" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி போட எழுந்து போனார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

அக்கா வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிறந்தவர். எங்கள் கூத்துக் களரியில் காலங்காலமாக ஆண்கள்தான் பெண் வேடம் கட்டி ஆடினார்கள். அதை ஒருவரும் குறையாகச் சொன்னதில்லை. பதினைந்து வயதில், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் அவருக்குத் திரௌபதி வேடம் கொடுத்தார். விடிய விடிய ஆடியதை ஊரே மெச்சியது. விடிந்த பிறகும் தான் பெண்தான் என்று அவர் சொன்னபோது அதே ஊர் அடித்தது. ஒரு பையோடு அம்பிளாந்துறையில் பாதை (வாவியைக் கடக்கும் படகு) ஏறி இக்கரைக்கு வந்தார். தையல் கடையில் வேலை. பிறகு எச்.ஐ.வி. விழிப்புணர்வுத் திட்டமொன்றில் களப்பணியாளர். திட்டம் முடிந்ததும் சம்பளம் நின்றது, ஆனால் போன் நிற்கவில்லை. இரவு பதினொரு மணிக்கும் அடிக்கும். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளை, தம்பி பிடுங்கி வைத்திருக்கிற அடையாள அட்டை, கலியாணம் பேசி முடித்துவிட்டார்கள் என்று அழுகிற பெண். பகலில் மெசினில் சட்டை தைத்து உழைக்கிற காசில்தான் இந்த அலைச்சல் நடக்கிறது. வெளிநாட்டுக் காசு என்கிறவர்கள் அந்த மெசினை வந்து பார்க்கட்டும்.

அவரோடு பழகிய பிறகுதான் ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். மகள் பிறந்தால் தகப்பன் கல்லும் சீமெந்தும் சேர்க்கத் தொடங்கிவிடுவார். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். குடி என்கிற குலமும் தாய்வழியே. காத்தான்குடியிலும் கல்முனையிலும் முஸ்லிம் குடும்பங்களிலும் இதே வழக்கம்தான். நமக்குப் பெருமையான வழக்கம், எனக்கும் பெருமைதான். ஆனால் திருநங்கைக்கு இதில் எங்கே இடம்? வீட்டார் கணக்கில் அவர் மகன், ஆகவே வீடு இல்லை. மாப்பிள்ளையாகப் போய் இருக்கவும் ஒரு வீடில்லை. பெண்ணை விரும்புகிற பெண்ணுக்கு வீடு உண்டு, ஆனால் சாவி கலியாணத்தோடு சேர்ந்துதான் வரும். அக்காவின் வேலையில் பாதிக்கு மேல் வாடகை அறை தேடுவதாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்தது அடையாள அட்டை. நம் அட்டை இலக்கத்தில் பிறந்த வருடத்துக்கு அடுத்து வருகிற மூன்று இலக்கங்களைப் பாருங்கள். அது வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 032, பெண்ணுக்கு 532. சேலை கட்டிக்கொண்டு வங்கிக்குப் போனாலும் அந்த மூன்று இலக்கமும் காட்டிக் கொடுத்துவிடும். 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை வந்த பிறகு, மனநல வைத்தியரைச் சந்தித்துப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் எடுத்து, பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். சொல்ல இலேசு. வெளிநோயாளர் வரிசையில், நாலு பேர் திரும்பிப் பார்க்க, பழைய ஆண் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். ஒரு பிள்ளை அந்த இடத்திலேயே எழுந்து ஓடிவிட்டது. அடுத்த மாதம் அக்கா கூடப் போனார். பெயர் கூப்பிட முன்னமே தாதியிடம் போய் மெதுவாகப் பேசி வைத்தார். அவர் செய்வதெல்லாம் இப்படிப்பட்டதுதான்.

சரி, சட்டம். ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கப் பயன்படும், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் இன்னமும் நம் தலைக்கு மேல் தொங்குகின்றன. 365இன் கீழ் பத்து வருடம் வரை சிறை. 1995இல் திருத்தியபோது நீக்கியிருக்க முடியும், நீக்கவில்லை. அதுவரை ஆண்களை மட்டும் சொன்ன 365ஏயைப் பெண்களுக்கும் விரித்தார்கள். 2004இல் பால்புதுமையினர் உரிமைக்கான ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பைத் தொடங்கிய ரோசானா ஃபிளேமர் கல்தேரா, பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிப்பதற்கான ஐ.நா. குழுவரை அதைக் கொண்டுபோனார். 2022இல் அந்தக் குழு இலங்கை அவருடைய உரிமையை மீறியதாக முடிவு சொன்னது. 2023 மே மாதம், இந்தப் பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று நம் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனாலும் அது சட்டமாகவில்லை. 2024இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதோடு போய்விட்டது.

"ஆருக்குத் தண்டனை குடுத்தவங்கள்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அம்பாறைப் பக்கம் இரண்டு பொடியன்கள் சேர்ந்து ஒரு வீடு எடுத்தார்கள். மூன்றாம் மாதம் வீட்டுக்காரர் வெளியே போகச் சொல்லி, அட்வான்ஸ் காசையும் தரமாட்டேன் என்றார். "பொலிசுக்குப் போனா நீங்கதான் உள்ள போவீங்க" என்று ஒரு வசனம், அவ்வளவுதான். சட்டம் புத்தகத்தில் சும்மா கிடந்தாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. அக்கா மூன்று தடவை போய்ப் பேசி முக்கால்வாசிக் காசை வாங்கிக் கொடுத்தார்.

கொழும்பில் 2005 தொடக்கம் பிரைட் நிகழ்வுகள், அதாவது இவர்கள் வெளிப்படையாகக் கூடும் கொண்டாட்டங்கள் நடக்கின்றன. இங்கே அப்படிச் செய்யாததைப் பயம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஒரு படம் பேஸ்புக்கில் ஏறினால் மறுநாள் அது பிள்ளையின் ஊர்ச் சந்தையில் நிற்கும். ஆரின் முகத்தை எப்போது வெளியே காட்டலாம் என்று தெரிந்து வைத்திருப்பதற்கும் துணிவு வேண்டும்.

அம்மா முதல் வருடம் அவரைத் தம்பி என்றார். பிறகு எப்படியோ "புள்ள" என்று கூப்பிடத் தொடங்கினார், அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். இப்போது "மகள்" என்கிறார். அந்த உறவினர் போன அன்று இரவு, "அந்த மனிசன் இனி வந்தா நான் தேத்தண்ணி குடுக்கமாட்டன்" என்றார்.

கல்லடி, நாவற்குடா, ஊறணிப் பக்கம் இரண்டு பேர் இருக்கக்கூடிய அறை இருந்தால் இன்பொக்சில் சொல்லுங்கள். ஒருவர் பேக்கரியில் வேலை, மற்றவர் படிக்கிறார். வாடகை ஒன்றாம் திகதி தந்துவிடுவார்கள், அதற்கு நான் பொறுப்பு.