புகையே பார்க்காத புகைபோக்கி

ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். லண்டன் ஐ, டவர் பிரிட்ஜ் என்று வழக்கமான சுற்றெல்லாம் சுற்றிக் காட்டியாகிவிட்டது. மிச்சமிருந்தது லிஃப்ட் 109. தேம்ஸ் கரையில் இருக்கும் பழைய பேட்டர்சீ மின்நிலையத்தின் நாலு புகைபோக்கிகளில் வடமேற்கில் இருப்பதற்குள் வட்டமாக ஒரு கண்ணாடி லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். 109 மீட்டர் உயரத்தில், புகை வரவேண்டிய வாய் வழியாக நம்மைத் தலைநீட்ட வைக்கும். 2022 நவம்பரில் திறந்தார்கள். நாங்கள் போனது போன சனிக்கிழமை. ஐந்து டிக்கெட். மொத்தம் எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன், இந்தப் பதிவை மனைவியும் படிப்பாள்.

டூட்டிங்கிலிருந்து நார்தர்ன் லைன் பிடித்து, கென்னிங்டனில் மாறினால் மின்நிலைய வாசலுக்குப் பக்கத்திலேயே இறங்கலாம். அந்த ஸ்டேஷனே 2021இல்தான் வந்தது. இருபது வருஷத்துக்கு முன்பு, நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், விக்டோரியா போகும் ரயிலிலிருந்து இந்தக் கட்டடத்தைப் பார்ப்பேன். கூரை கிடையாது. கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு நாலு கால் மட்டும் நிற்குமே, அப்படி இருக்கும். என்ன இது என்று ரயிலில் யாரிடமாவது கேட்டால், ‘ஏதோ பண்ணப் போகிறார்களாம்’ என்பார்கள். அந்த ‘ஏதோ’ நாற்பது வருஷம் ஓடியது. 1983இல் மின் உற்பத்தி நின்றது. பிறகு கேளிக்கைப் பூங்கா ஆக்குகிறோம் என்று ஒருவர் கூரையைப் பிரித்தார், பணம் தீர்ந்தது, 1989இல் வேலை நின்றது. அப்புறம் கைமாறிக் கைமாறி, 2012இல் ஒரு மலேசியக் கூட்டமைப்பு 40 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அதில் ஒரு பங்கு மலேசியத் தொழிலாளர்களின் வருங்கால வைப்பு நிதிப் (ஈபிஎஃப்) பணம். அங்கே வேலை பார்க்கும் நம் ஆட்களின் சேமிப்பும் இந்தச் சுவரில் ஏதோ ஒரு மூலையில் இருக்கிறது என்று அத்தையிடம் சொன்னேன். “அப்ப நமக்கு டிக்கெட்ல கொஞ்சம் குறைச்சிருக்கலாமே மாப்பிள்ளை” என்றார்.

லிஃப்டைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் சாதாரண லிஃப்ட், அப்புறம் கொஞ்சம் படி. அத்தைக்கு முழங்கால் வலி, ஆனாலும் விடவில்லை. அதன் பிறகுதான் அந்தக் கண்ணாடி வட்டம். கதவு மூடியதும் நாலு பக்கமும் இருட்டு, வளைந்த சுவர், அதில் நகர்கிற வெளிச்சம். என் மகள் பதினாலு வயதுக்கே உரிய அலுப்போடு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வயது மகன் மட்டும் கண்ணாடியில் மூக்கை அழுத்தி சுவரில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். “என்னடா?” என்றேன். “கரி எங்கப்பா?” என்றான்.

கரி இல்லை. இருக்கவும் முடியாது. ஏனென்றால் இந்தப் புகைபோக்கி ஒரு நாள்கூடப் புகை பார்த்ததில்லை. பழைய நாலும் உள்ளே கம்பி துருப்பிடித்து, கான்கிரீட் விரிசல் விட்டு, காப்பாற்ற முடியாத நிலைக்குப் போய்விட்டன. 2014க்கும் 2017க்கும் இடையே அவற்றை இடித்து, அதே அளவில், அதே வடிவத்தில் புதிதாகக் கட்டினார்கள். இதே இடத்தில் முன்பு நின்றது 1933இலிருந்து, மின்நிலையத்தின் இந்தப் பாதி மட்டும் முன்னதாகவே மூடப்பட்ட 1975 வரை, புகை கக்கியது. நாங்கள் ஏறியது அதன் வாரிசு.

இதை நான் முன்பே படித்திருந்தேன். ஆனாலும் அந்த நிமிஷத்தில் ஏமாந்த மாதிரிதான் இருந்தது. மேலே வந்ததும் கண்ணாடிக்கு அப்பால், கால்மட்டத்துக்கும் கீழே, புகைபோக்கியின் விளிம்பு தெரிந்தது. வெள்ளையாக, சுத்தமாக, நேற்று கழுவிக் கவிழ்த்த டம்ளர் மாதிரி. நான் அதைப் பற்றி முணுமுணுக்க, அத்தை திரும்பிப் பார்த்து, “நம்ம ஊர் கோபுரத்தையும்தான் இடிச்சுக் கட்டிக் கும்பாபிஷேகம் பண்ணாங்க. சாமி மாறிப்போச்சா?” என்றார்.

அத்தையிடம் வாதம் பண்ணுவதில்லை என்பது என் கொள்கை. இங்கே பண்ணிக்கொள்கிறேன். கோபுரத்தைத் திரும்பக் கட்டினால் உள்ளே அதே சாமி இருக்கும். இங்கே கொதிகலன்கள் இருந்த இடத்தில் ஆப்பிள் அலுவலகம், டர்பைன்கள் ஓடிய கூடங்களில் துணிக்கடையும் வாசனைத் திரவியமும், இரண்டாவது கட்டுப்பாட்டு அறையில் மதுக்கூடம். கோபுரம் அப்படியே இருக்கிறது, மூலவரைத்தான் மாற்றிவிட்டார்கள்.

சரி, மேலே என்ன தெரிகிறது? ஷார்ட் என்ற உயரமான கண்ணாடிக் கட்டடம், லண்டன் ஐ, நாடாளுமன்றம், எல்லாம் தெரிகிறது. ஏழெட்டு நிமிஷம் நிற்கலாம். நகரத்தை உயரத்திலிருந்து பார்ப்பதற்கு இலவசமாகவே பார்லிமென்ட் ஹில், பிரிம்ரோஸ் ஹில் என்று இடங்கள் உண்டு. காட்சிக்காக மட்டும் என்றால் அங்கே போங்கள், சாப்பாடும் கட்டிக்கொண்டு போகலாம். இங்கே வந்தால் தூரத்தில் தேடாதீர்கள், நேர் எதிர்க்கரையைப் பாருங்கள். பிம்லிகோவில் சர்ச்சில் கார்டன்ஸ் என்று வரிசை வரிசையாகக் குடியிருப்புகள். அவற்றுக்கு நடுவே கண்ணாடி போர்த்திய ஒரு கோபுரம் நிற்கும். அது வெந்நீர்த் தொட்டி. மின்சாரம் தயாரித்து மிஞ்சிய சூட்டை வீணாக்காமல், 1950களில் ஆற்றுக்கடியில் குழாய் போட்டு, அந்த வீடுகளுக்கு வெந்நீராக அனுப்பினார்கள். மின்நிலையம் மூடிவிட்டது. தொட்டி இன்றும் வேறு கொதிகலன்களோடு வேலை செய்கிறது. இதைச் சொன்னபோது மகள் முதல்முறையாக போனிலிருந்து நிமிர்ந்தாள். “அந்த வீட்டுக்கெல்லாம் இங்கேருந்தா சூடு போச்சு?” ஷார்டைப் பார்த்து அவள் அப்படி எதுவும் கேட்கவில்லை.

ஒரு காலத்தில் லண்டன் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இங்கிருந்துதான் போனது. கப்பல் கப்பலாகத் தேம்ஸில் நிலக்கரி வந்து இறங்கியது. கட்டும்போதே, ஊரெல்லாம் புகை படியும் என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியதால் ஆற்றுநீரை வைத்தே புகையைக் கழுவி வெளியே விட்டார்கள். கழுவிய தண்ணீர் திரும்ப எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள், ஆற்றுக்குத்தான். 1964 ஏப்ரலில் இங்கே ஒரு தீவிபத்து. நகரத்தின் பெரும்பகுதி இருண்டுபோய், பிபிசி 2 டிவி சேனலின் தொடக்க இரவே அடுத்த நாளுக்குத் தள்ளிப்போனது. இந்த ஒரு கதைக்காகவே ஒரு தனி அறை வைக்கலாம் என்பேன்.

கடைகளைக் குறை சொல்லிவிட்டேன், நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கடை வராமல் இருந்திருந்தால் இது இடிந்தே போயிருக்கும். வந்த பணத்தில் வேலையைக் கச்சிதமாகச் செய்திருக்கிறார்கள். அன்று செங்கல் கொடுத்த அதே நிறுவனங்களைத் தேடிப்பிடித்து, புதிதாகச் சுமார் 17.5 லட்சம் செங்கல் சுட்டு வாங்கியிருக்கிறார்கள். கீழே இறங்கிய பிறகு மகன் வெளிச்சுவரைத் தடவிக்கொண்டே நடந்தான். ஓரிடத்தில் நின்று, “இது பழசு” என்றான். விளிம்பு மழுங்கி, கொஞ்சம் கருத்து, சொரசொரவென்று ஒரு செங்கல். அவன் தேடிய கரி கடைசியில் அதில்தான் இருந்ததோ என்னவோ. பத்து நிமிஷம் அங்கேயே நின்றோம். மேலே நின்றதைவிட அதிக நேரம், டிக்கெட்டும் இல்லை.

என் மனதில் உறுத்துவது வேறு. இந்தத் திட்டத்தில் சாமானியர்களுக்குக் கட்டுப்படியாகும் வீடுகள் 636 கட்டுவதாகத்தான் பேச்சு. 2017இல் செலவு கூடிவிட்டது என்று அதை 386 ஆகக் குறைத்துக்கொள்ள உள்ளாட்சி ஒப்புக்கொண்டது. புகைபோக்கியை அளவு மாறாமல் திரும்பக் கட்ட முடிந்திருக்கிறது. நிழலுருவில் ஒரு அடி குறைந்தால் லண்டனே சண்டைக்கு வந்திருக்கும், வீடு 250 குறைந்ததற்கு அந்தச் சத்தம் இல்லை. சூட்டைக்கூட வீணாக்காமல் அக்கரை வீடுகளுக்கு அனுப்பிய இடம் இது என்பதால் கூடுதலாகவே உறுத்துகிறது.

போகலாமா என்று கேட்டால், போங்கள். குழந்தைகளை அழைத்துப் போங்கள், ஆனால் ஏறுவதற்கு முன்பு ஒரு மணி நேரம் கீழே சுற்றுங்கள். டர்பைன் கூடத்தில் மேலே அண்ணாந்து பார்த்தால் பழைய கிரேன்கள் இன்னும் இருக்கின்றன.

ராத்திரி அத்தை ஊருக்குப் போன் போட்டுத் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தார். “எங்க போனீங்களா? ஒரு புகைக்கூண்டுக்குள்ள ஏத்தி இறக்கினாங்கடி. காசு குடுத்து! உள்ள ஒரு பொட்டுக் கரி இல்ல, நம்ம அடுப்படி தோத்துச்சு போ.”