மூத்த மகள் ஒன்றும் வில்லி இல்லை

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கரின் ‘எவ்ரிடே யூஸ்’ (அன்றாடப் பயன்பாடு) கதையைப் பற்றி யாரிடம் பேசினாலும் ஒரே தீர்ப்புதான். அம்மா நல்லவள், இளையவள் மேகி பாவம், மூத்தவள் டீ திமிர் பிடித்தவள். ஆங்கில இலக்கியம் படித்த நண்பர்கள் பரீட்சையில் எழுதியதும் ஏறக்குறைய இதைத்தான். டீக்குப் பாரம்பரியம் என்பது சுவரில் மாட்டும் அலங்காரம், மேகிக்கு அது அன்றாட வாழ்க்கை. எழுதினால் முழு மதிப்பெண். கதையின் முடிவில் அந்த அம்மா செய்வது சரிதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. அதற்கு நாம் சொல்லும் காரணம்தான் எனக்கு ஒப்பவில்லை.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. வெளிவந்த ஆண்டு 1973. அமெரிக்கத் தென்பகுதிக் கிராமம், ஏழைக் கறுப்பினக் குடும்பம். அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவள்; 1927-இல் அவள் படித்த பள்ளியை மூடிவிட்டார்கள், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஆம்பிளை மாதிரி பன்றி அறுத்து வேலை செய்கிற கைகள். பழைய வீடு எரிந்தபோது தீக்காயம் பட்ட மேகி அம்மாவோடேயே இருக்கிறாள். டீயை அம்மாவும் சர்ச்சும் பணம் திரட்டி அகஸ்டாவுக்குப் படிக்க அனுப்பினார்கள். இப்போது அவள் திரும்பி வருகிறாள், கண்ணைப் பறிக்கும் நீள உடையும் வளையலும் கூட ஒரு ஆளுமாக. பெயரும் மாறிவிட்டது: வங்கேரோ லீவானிகா கெமாஞ்சோ. வந்ததும் வராததுமாக போலராய்டு கேமராவை எடுத்து, வீடும் தெரிகிற மாதிரி அம்மாவையும் தங்கையையும் படம் பிடிக்கிறாள். சின்ன வயதில் அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காமல் இருந்த வீட்டின் அச்சு அசலான இன்னொரு வீடு அது.

பெயர் விஷயத்தில் பலர் அவளைக் கிண்டல் செய்கிறார்கள். என்னை ஒடுக்கியவர்களின் பெயரைத் தாங்கிக்கொண்டு இருக்க முடியாது என்கிறாள் டீ. அது சும்மா ஃபேஷன் இல்லை. அடிமைகளுக்குப் பல நேரம் பெயர் வைத்தவன் எஜமானன்தான். குத்துச்சண்டை வீரர் கேஷியஸ் கிளே முகம்மது அலி ஆனது 1964-இல், கவிஞர் லீராய் ஜோன்ஸ் அமீரி பராக்கா ஆனது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. டீ அந்தத் தலைமுறைப் பெண். ஆனால் அம்மாவுக்கு அந்தப் பெயர் வேறு. உனக்கு உன் சித்தி டைசியின் பெயர், அவளுக்குப் பாட்டி டீயின் பெயர், பாட்டிக்கு அவள் அம்மாவின் பெயர் என்று சொல்லிக்கொண்டே போகிறாள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய காலம் வரைக்கும் தன்னால் போக முடியும் என்று நமக்குத் தனியாகச் சொல்கிறாள். எங்கிருந்து வந்த பெயராக இருந்தாலும், இத்தனை பெண்கள் சுமந்த பிறகு அது அந்தக் குடும்பத்துச் சொத்து. இரண்டு பேர் சொல்வதும் உண்மை, அதுதான் சிக்கல்.

வகுப்பறைகளில் தாண்டிப் போய்விடுகிற ஒரு இடம் இருக்கிறது. இவ்வளவு பேசிவிட்டு அம்மா என்ன செய்கிறாள்? புதுப் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு, அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்றால் கூப்பிடுகிறோம் என்கிறாள். அப்புறம் தயிர் கடையும் தாழியின் மூடியைக் கேட்கிறாள் டீ, வீட்டு மேசை நடுவில் அலங்காரமாக வைக்க. உள்ளே தயிர் இருக்கிறது, இருந்தாலும் அம்மா கொடுக்கிறாள். மத்தையும் கேட்கிறாள், அதையும் கொடுக்கிறாள். அந்த மத்தைப் பிடித்துப் பிடித்து மரத்தில் கட்டைவிரலும் மற்ற விரல்களும் பதிந்த குழிகள் இருக்கின்றன. அதை யார் செதுக்கியது என்று டீக்குத் தெரியாது. மேகிதான் தணிந்த குரலில் சொல்கிறாள்: டைசி சித்தியின் முதல் புருஷன், பெயர் ஹென்றி, எல்லாரும் ஸ்டாஷ் என்று கூப்பிடுவார்கள். உனக்கு யானை ஞாபகம் என்று சிரிக்கிறாள் அக்காள். எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம் இதுதான். குவில்ட் என்ற போர்வைக்கான சண்டை இதற்குப் பிறகுதான் வருகிறது.

குவில்ட் என்பது பழைய உடுப்புத் துண்டுகளைச் சேர்த்துக் கையால் தைத்த கனமான போர்வை. நம் பாட்டிகள் பழஞ்சேலைகளை மடித்துத் தைத்த விரிப்பு மாதிரி, ஆனால் வடிவங்களும் அவற்றுக்குப் பெயர்களும் உண்டு. அம்மாவிடம் இருக்கும் இரண்டு பழைய குவில்டுகளில் பாட்டி ஐம்பது ஆண்டுகளுக்கு முன் உடுத்திய துணி இருக்கிறது. கொள்ளுத்தாத்தா எஸ்ரா உள்நாட்டுப் போரில் அணிந்த சீருடையின் நீலத்துண்டு, தீப்பெட்டி அளவுக்கு, இருக்கிறது. டீ இவற்றைத்தான் கேட்கிறாள், சுவரில் மாட்ட. வேறு குவில்டுகளை எடுத்துக்கொள் என்றால், அவற்றின் ஓரம் மெஷினில் தைத்தது, வேண்டாம் என்கிறாள். அப்படித் தைத்தால்தானே நாள்பட உழைக்கும் என்கிறாள் அம்மா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேகியிடம் கொடுத்தால் தினமும் போர்த்தி ஐந்து வருடத்தில் கந்தலாக்கிவிடுவாள் என்று டீ கத்தும்போது அம்மாவின் பதில், அவள் வேறு தைத்துக்கொள்வாள், அவளுக்குத் தைக்கத் தெரியும் என்பதுதான்.

குவில்டைப் போர்த்துவது உயர்ந்தது, சுவரில் மாட்டுவது தாழ்ந்தது என்று அம்மா எங்கேயும் சொல்லவில்லை. மேகி ஜான் தாமஸைக் கட்டிக்கொள்ளும்போது தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான். பெயரையும் தாழி மூடியையும் மத்தையும் விட்டுக்கொடுத்தவள், வாக்குக் கொடுத்த பொருளை மட்டும் டீயின் கையிலிருந்து பிடுங்கி மேகி மடியில் போடுகிறாள். அதே டீ கல்லூரிக்குப் போகும்போது இதே அம்மா ஒரு குவில்டைக் கொடுக்கப் பார்த்தாள், பழசு என்று அவள்தான் வாங்கவில்லை.

மாட்டுவது தப்பு என்றால் ஜீஸ் பெண்டை என்ன செய்வது? அலபாமா ஆற்றின் வளைவில் உள்ள கறுப்பின ஊர் அது. அங்கே பல குடும்பங்களுக்குப் பெட்வே என்பதுதான் குடும்பப் பெயர், பழைய தோட்ட முதலாளியின் பெயர். 1942-இல் மிசௌரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைக் கிழித்து ஒரு குவில்ட் தைத்தார், அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ள. குளிருக்காகத் தைத்த அந்த ஊர்க் குவில்டுகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க் விட்னியிலும் சுவரில் தொங்கின. 2006-இல் தபால்தலையாகவும் வந்தன. அதற்கு முன்பு பழைய குவில்டுகளைக் கொசு விரட்ட எரித்ததும் உண்டு. வெளியிலிருந்து வந்து இது கலை என்று கத்தும் ஒரு டீ இல்லாவிட்டால் அவற்றில் எத்தனை மிஞ்சியிருக்கும்? வெளியார் வந்ததால் பணத்தகராறும் வந்தது, 2007-இல் தைத்த பெண்கள் சிலர் வழக்கே போட்டார்கள், அடுத்த ஆண்டு சமரசமானது. அது தனிப் பதிவுக்கான விஷயம்.

இன்னொன்று, கதை முழுக்க அம்மாவின் வாயால் வருகிறது. வீடு எரிந்தபோது டீ தள்ளி நின்று பார்த்த பார்வையை வைத்து, சாம்பலைச் சுற்றி ஆடேன் என்று கேட்கத் தோன்றியதாம் அம்மாவுக்கு. சிலர் இதை வைத்து டீதான் தீ வைத்தாள் என்று விமர்சனம் எழுதுகிறார்கள். கதையில் அப்படி எதுவும் இல்லை. வாக்கரே ஜார்ஜியா கிராமத்தில் எட்டுப் பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்து, உதவித்தொகையில் அட்லாண்டாவுக்குப் படிக்கப் போனவர், மாணவியாக ஆப்பிரிக்காவுக்கும் போய்வந்தவர். ஊரை விட்டுப் போன பெண் யார் என்று அவருக்குத் தெரியாதா? சின்ன வயதில் கண்ணில் காயம்பட்டுக் கூச்சத்தோடு ஒதுங்கிக் கிடந்தவரும் அவரேதான், மேகியையும் அவர் வெளியில் தேடியிருக்க வேண்டியதில்லை.

எனக்கு அந்த அம்மாவிடம் கேட்க ஒன்று இருக்கிறது. மேகிக்குக் குவில்ட் தைக்கக் கற்றுக்கொடுத்தது பாட்டியும் சித்தியும். டீக்கு ஏன் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை? இந்த வாழ்க்கையிலிருந்து தப்பிக்கட்டும் என்று ஊரே காசு போட்டு வண்டி ஏற்றி அனுப்பிய பெண் அவள். வெளியாள் மாதிரி திரும்பி வந்திருக்கிறாள் என்று அவளை மட்டும் குறை சொல்வது என்ன கணக்கு?