வழியில் நடக்கிறபோதும்

மலேசியாவில் நம் வீடுகளில் குடும்ப ஜெபத்துக்குப் பெரிய குறையில்லை. செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பினாங்கிலும் பிள்ளைகளை ஞாயிறு பள்ளிக்கு அனுப்புவதில் பெற்றோர் கவனமாகத்தான் இருக்கிறார்கள். மனப்பாட வசனம் கேட்டால் பிள்ளைகள் கடகடவென்று சொல்வார்கள். என் கவலை வேறு. உபாகமம் 6:7 பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்லும்போது நான்கு வேளைகளைச் சொல்கிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுத்துக்கொள்ளுகிறபோது, எழுந்திருக்கிறபோது. இதில் ‘வழியில்’ என்பதை நாம் விட்டுவிட்டோம். கர்த்தரை நாம் உண்மையாகவே கனம்பண்ணுகிறோமா என்று பிள்ளை தெரிந்துகொள்வது கட்டணக் கவுண்டரிலும் கிளினிக்கிலும் காரிலும்தான்.

முதலில் வயது. ஹோட்டல் பஃபேக்கும் கேளிக்கைப் பூங்காவுக்கும் சிறுவர் கட்டணத்துக்கு ஒரு வயது வரம்பு இருக்கும். பிள்ளை அதைத் தாண்டி இரண்டு மாதம் ஆகியிருக்கும். கேட்டவுடன் நம் வாயிலிருந்து பழைய வயது வந்துவிடுகிறது. மிச்சமாவது பத்தோ இருபதோ வெள்ளி (ரிங்கிட்). பக்கத்தில் நிற்பவனோ போன மாதம்தான் கேக் வெட்டியவன், தன் வயதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவன். “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது” என்ற நீதிமொழிகள் 11:1 வியாபாரிக்கு மட்டும் எழுதியது என்று நினைத்துவிடுகிறோம். பணம் கொடுக்கும் பக்கத்திலும் தராசு உண்டு. செய்ய வேண்டியது எளிது. கிளம்பும் முன்பே கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் வேறு இடம் போங்கள். கவுண்டரில் வயதைப் பிள்ளையே சொல்லட்டும். கட்டணத்தைக் கடைசி நிமிடத்தில் பார்ப்பதால்தான் பெரும்பாலும் பொய் வருகிறது. பின்னால் வரிசை நிற்கும், யோசிக்க நேரம் இருக்காது.

“அப்பா வீட்டுல இல்லன்னு சொல்லு” என்று போனைப் பிள்ளை கையில் கொடுப்பதும் இதே வகைதான். இங்கே பொய்யைப் பிள்ளையின் வாயில் வைக்கிறோம். “அப்பா இப்ப பேச முடியாதாம், அப்புறம் கூப்பிடுவாங்க” என்றால் அது உண்மை. சொன்னபடி திரும்பக் கூப்பிட்டால்தான். பள்ளி நாளில் ஊருக்குப் போவதற்காகக் கிளினிக்கில் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கேட்பதும் வேண்டாம். குடும்பக் காரணம் என்று வகுப்பாசிரியருக்கு நேர்மையாகக் கடிதம் எழுதுங்கள். வருகைப் பதிவில் ஒரு நாள் குறையும். குறையட்டும்.

பள்ளிக்காகப் பிள்ளை தகவலும் படமும் சேர்த்துச் செய்து கொடுக்கும் ஃபோலியோ பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆறாம் ஆண்டுத் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021இல் ரத்தானது, படிவம் 3 தேர்வான பிடி3 2022இல் ரத்தானது. இப்போது ஆசிரியரின் வகுப்பறை மதிப்பீட்டுக்குத்தான் முக்கியத்துவம். பிள்ளை உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று ஆசிரியர் தெரிந்துகொள்வதற்காக வைத்த முறை அது. அதில் போய் அம்மா இரவு பன்னிரண்டு மணி வரை படம் தேடி, அச்செடுத்து, வெட்டி, ஒட்டி, அட்டையும் போட்டுக் கொடுத்தால், ஆசிரியர் கையில் கிடைப்பது அம்மாவின் நிலை. பிள்ளை அதன்மேல் தன் பெயரை எழுதிக் கொடுக்கிறது. பிறகு அதே பிள்ளை தேர்வில் பார்த்து எழுதினால் எந்த வாயால் கண்டிப்பது? தலைப்பு கிடைத்த அன்றே அதை மூன்று மாலைகளாகப் பிரியுங்கள்: ஒன்று தகவல் சேர்க்க, ஒன்று எழுத, ஒன்று ஒட்டி முடிக்க. அம்மா அப்பாவின் பங்கு பொருள் வாங்கித் தருவது, கூர்மையான கத்தரியைப் பிடித்துக்கொடுப்பது, எழுத்துப்பிழையின் கீழ் பென்சிலால் கோடு போடுவது. திருத்தி எழுதுவது பிள்ளையின் வேலை. கோணலாக ஒட்டிய படம் கோணலாகவே போகட்டும்.

அடுத்தது காணிக்கை. இதில் ஒரு புதிய சிக்கல் வந்திருக்கிறது. பல சபைகளில் இப்போது டூயிட்நவ் கியூஆர் (கைப்பேசியால் பணம் செலுத்தும் குறியீடு) ஒட்டியிருக்கிறார்கள். பெற்றோர் கைப்பேசியைக் காட்டிக் காணிக்கையைச் செலுத்திவிடுகிறார்கள், சிலர் வீட்டிலிருந்தே அனுப்பிவிடுகிறார்கள். வசதிதான், தப்பில்லை. ஆனால் அம்மா அப்பா கொடுப்பதைப் பிள்ளை பார்ப்பதே இல்லை. கைப்பேசியைத் தட்டுவது கிராப் வாடகைக் கார் கூப்பிடவா காணிக்கை போடவா என்று அதற்குத் தெரியாது. பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு பகுதியையாவது தாளாகக் கொடுங்கள் என்பேன். சனிக்கிழமை இரவு மேசையில் வைத்து, உறையில் போட்டு, யாருக்காக எதற்காக என்று ஒரு வரி சொல்லுங்கள்.

பிள்ளையின் காணிக்கை பிள்ளையின் காசாக இருக்க வேண்டும். ஆலய வாசலில் ஒரு வெள்ளியைக் கையில் திணித்தால், பிள்ளை அதைப் பெட்டியில் சேர்க்கும் தபால்காரர், அவ்வளவுதான். வாரச் செலவுக்காசு பத்து வெள்ளி என்றால் பத்து ஒரு வெள்ளித் தாளாகவே கொடுங்கள். பத்து வெள்ளித் தாளாகக் கொடுத்தால் கேண்டீனில் உடையும், சில்லறை மிஞ்சாது. முதல் தாளைத் திங்கட்கிழமையே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வரை விட்டால் மிச்சம் மீதிதான் கர்த்தருக்கு. எடுத்து வைக்க மறந்துவிட்டால் ஈடுகட்டாதீர்கள். அந்த ஞாயிறு வெறுங்கையோடு போவதால் ஒன்றும் ஆகிவிடாது.

வருமான வரியும் இதில் சேர்த்திதான். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 2,000 வெள்ளி கழிவு உண்டு. ஒரே பிள்ளைக்குக் கணவனும் மனைவியும் தனித்தனியாக முழுத் தொகையைக் கோரக்கூடாது. புத்தகம், கணினி, இணையக் கட்டணம் எல்லாம் சேர்ந்த வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 வெள்ளி வரை. ரசீது 900 வெள்ளிக்குத்தான் என்றால் 900 என்றே எழுதுங்கள். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். காணிக்கைக்குக் கழிவு கேட்க, பெறும் அமைப்புக்கு வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் இருக்க வேண்டும், முறையான ரசீதும் வேண்டும். சபை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இடைநிலைப்பள்ளியில் படிவம் 4 வந்ததும் ஞாயிறு காலை டியூஷன் ஆரம்பமாகும். “எஸ்பிஎம் முடியும் வரைதான்” என்பார்கள்; படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வு அது. அந்த இரண்டு ஆண்டில் பதினேழு வயதுப் பிள்ளை கற்றுக்கொள்வது, ஆராதனையைத் தள்ளி வைக்கலாம் என்பதை. கூடுதல் கணிதம் முக்கியம், மறுக்கவில்லை. டியூஷனில் பதியும்போதே ஞாயிறு காலை முடியாது என்று சொல்லிவிடுங்கள். அட்டவணை போட்டபின் கேட்டால் மாற்றித் தருவது அவர்களுக்கும் சிரமம். சனிக்கிழமை வகுப்புக்கு இடம் இல்லாவிட்டால் வார நாள் இரவு வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொரு கேள்வி வரும். தீபாவளிக்கு நண்பன் வீட்டில் சாப்பிடலாமா? தாராளமாக. பவுல் 1 கொரிந்தியர் 10:25-28இல் சொன்னது தெளிவாக இருக்கிறது: துருவிக் கேட்காமல் சாப்பிடு; படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவருக்காகத் தவிர்த்துவிடு. முறுக்கையும் அதிரசத்தையும் சந்தேகத்தோடு பார்க்கப் பழக்காதீர்கள். படைத்தது என்று சொல்லிக் கொடுத்தால் என்ன சொல்வது என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள்: “நன்றி ஆண்ட்டி, நாங்க இது சாப்பிடறதில்ல, முறுக்கு எடுத்துக்கிறேன்.” முகம் சுளிக்கக்கூடாது, விளக்கவுரையும் வேண்டாம். அயலாரை மதிக்காமல் கர்த்தரைக் கனம்பண்ண முடியாது.

கடைசியாக, கோபம். பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று எபேசியர் 6:4 நேராகப் பிதாக்களைப் பார்த்துச் சொல்கிறது. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று வந்து, வீட்டுப்பாடத்துக்காகக் கத்திவிட்டால், அன்று தூங்கப் போகும் முன்பே மன்னிப்புக் கேளுங்கள். “நீ ஒழுங்கா இருந்திருந்தா அப்பா கத்தியிருக்க மாட்டேன்” என்பது மன்னிப்பு ஆகாது, அது இரண்டாவது குற்றச்சாட்டு. “அப்பா கத்தினது தப்பு, மன்னிச்சிடு” என்பதோடு நிறுத்துங்கள். “ஆனால்” வேண்டாம். வீட்டுப்பாடத்தை மறுநாள் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.